முப்பத்தொன்றாம் கொக்கி

பதினைந்து நிமிடம் காப்பி இடைவேளை.
கையுறையைக் கழற்றிய பிறகும்
விரலை விட்டு இறங்க மறுக்கிறது குளிர்.
ஐஸ்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் இந்த மீன் ஆலை.
பதினெட்டுப் பேரும் இங்கே ஒரே ஆள்:
நீல ஏப்ரன், வெள்ளை ரப்பர் பூட்ஸ்,
முடியை விழுங்கிய வலை.
பின்னாலிருந்து பார்த்தால்
கத்தி பிடிக்கும் விதத்தை வைத்துத்தான்
யார் யாரென்று சொல்ல முடியும்.

போஷெனா போனை நடுவில் வைக்கிறாள்.
'உங்கள் ஆன்மா எந்த உடை?
ஏழே கேள்விகள்!'

முதல் கேள்வி:
காலையில் அலமாரியைத் திறந்ததும்
உங்கள் கை எதைத் தேடும்?
லினனா, தோல் ஜாக்கெட்டா, பூப்போட்டதா,
எதுவானாலும் சரி, கறுப்பாக இருந்தால் போதுமா?

முப்பத்தொன்றாம் கொக்கியில் தொங்குவது
என்றொரு விடை இல்லை.
போஷெனா பூப்போட்டதை அழுத்தினாள்.
நான்கு வருடமாகப் பக்கத்தில் நிற்கிறேன்,
அவள் உடம்பில் ஒரு பூவைப் பார்த்ததில்லை.

மூன்றாம் கேள்வி: பாரிசில் மழை, கையில் குடையில்லை.
சிரித்துவிட்டோம்.
எங்கள் மழை பக்கவாட்டில் வரும்;
இந்த ஊரில் குடை பிடிப்பவன்
நேற்றுக் கப்பலில் வந்தவன்.

ஸ்டெய்னார், எங்கள் மேற்பார்வையாளர்,
'வேலையற்ற வேலை' என்று கடந்து போனார்.
ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால்
கொஞ்ச நேரம் அவர் கட்டைவிரல் மட்டும் அசைந்தது.
என்ன வந்தது என்று கடைசிவரை சொல்லவில்லை.

'நீங்கள் சிவப்புப் பட்டு ஸ்கார்ஃப்.
நீங்கள் நுழைந்தால் அறை
ஒரு கணம் பேச்சை மறக்கும்.'
அவள் நுழைந்து இங்கே ஓர் எந்திரமும் நின்றதில்லை.
ஆனாலும் போலிஷில் ஒருமுறை படித்தாள்,
உடைந்த ஐஸ்லாந்திக்கில் ஒருமுறை,
தாய்லாந்துக்காரி சிரிலக்குக்காக
வெறுங்கையால் கழுத்தைச் சுற்றிக் காட்டி ஒருமுறை.

எங்கோ ஓர் அலுவலகத்தில்
மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்தாக வேண்டுமென்று
யாரோ அவசரமாக எழுதியது இது.
மொத்தம் ஆறு முடிவு.
உலகத்துக்கே ஆறு.
இன்றிரவிலிருந்து ஸ்கார்ஃப் விளம்பரம்
கடற்காகங்கள் படகைத் துரத்துவதுபோல
போஷெனாவைத் துரத்தும்.
அவளுக்கும் தெரியும்.

தராசு எங்களிடம் எத்தனை கிலோ என்று கேட்கும்.
வங்கி எப்போது என்று கேட்கும்.
உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டுவிட்டு,
எந்தப் பதிலையும் தப்பென்று சொல்லாமல்
காத்திருப்பது
கீறல் விழுந்த இந்தக் கையகலக் கண்ணாடி மட்டும்தான்.

மணி அடித்தது. மேசைக்குத் திரும்பியதும்
நான் ஒரு காட் மீனைத் தூக்கிப் பிடித்தேன்:
எட்டாம் கேள்வி.
விருந்துக்குப் போக வேண்டும், என்ன உடுத்துவாய்?
'வெள்ளிச் செதில்,' என்றாள் போஷெனா அதன் குரலில்,
'ஆனால் இவர்கள் உரிக்கிறார்களே.'
வரிசை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

சிரிலக் சிரிக்கவில்லை.
அவளுக்கு வந்தது சாம்பல் நிறக் கோட்:
'தனிமை உங்கள் இயல்பு.
யாரும் அருகில் வருவதை விரும்பமாட்டீர்கள்.'
மாலைவரை
கத்தி எலும்பில் படும் சத்தம் தவிர
அவளிடமிருந்து வேறெதுவும் கேட்கவில்லை.
இரண்டு பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு
வந்தவள் அவள்.
ஆறு கேள்விக்கு உண்மையைத்தான் சொன்னாளாம்.

இரவு பதினொன்று.
ஜன்னலில் இன்னும் அணையாத வெளிச்சம்.
போன் அதிர்ந்தது, சிரிலக்:
'மறுபடி செய்தேன். மஞ்சள் மழைக்கோட்!
எல்லாருக்கும் பிடித்த ஆளாம் நான்.'

பொய் சொன்னாயா என்று எழுதினேன்.

மூன்று புள்ளிகள் தோன்றின, மறைந்தன,
மறுபடி தோன்றின.
'நாலாம் கேள்விக்கு மட்டும்
ஊரிலிருந்து பதில் சொன்னேன்.'